நேர்ச்சைப் பிள்ளை

"வீட்டுவேலைக்கு நிக்குத பிள்ளையளுக்கு விளையாட்டுக் காட்ட பி.ஏ. படிக்கணுமா டீச்சரே?"

சென்ற மாதம் எங்கள் பங்குக்கோயில் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஆரியசாலை வீடுகளில் தங்கி வேலை செய்யும் சிறுமிகளை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் கோயில் வளாகத்துக்கு அழைத்து வரலாம், செபமும் பாட்டும் போக மீதி நேரம் அவர்களை விளையாட விடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் கெட்டவரல்ல. கிறிஸ்துமஸுக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி வாங்கிக் கொடுப்பவர். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் அதற்கு நேரமில்லை.

அப்பா சாலை பஜாரில் ஓர் அரிசி மண்டியில் சுமட்டுக்காரர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்து இந்த மலையாள ஊரிலேயே தங்கிவிட்டவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை நான் ஒருபோதும் அடக்கமாகச் சொன்னதில்லை, இப்போதும் அப்படித்தான். இது நடந்த வருடம் எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

மண்டி முதலாளியின் வீடு ஆரியசாலையில் இருந்தது. திருநெல்வேலிக்காரர்கள். அந்த வீட்டில் இரண்டு வயதுப் பையன் ஒருவன். முதலாளியம்மா ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, என்னை வீட்டோடு விடும்படி கேட்டார். கடினமான வேலை கிடையாது, பையனுக்கு விளையாட்டுக் காட்டினால் போதும், மூன்று வேளையும் சாப்பாடு, பண்டிகைக்குப் புதுத்துணி.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விளையாடுவதற்குச் சோறு போடுகிறார்கள் என்றால், உலகத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எது? வாய்ப்பாட்டிலிருந்தும் தப்பித்துவிடலாம். அம்மாவுக்கும் சம்மதம்தான். எனக்குப் பின்னால் வீட்டில் மூன்று வயிறுகள் இருந்தன. அப்பா மட்டும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்றார்.

பார்ப்பதற்காக ஒரு சனிக்கிழமை என்னை அங்கே விட்டார்கள். கூடத்தில் பித்தளைச் சங்கிலியில் தொங்கும் பெரிய ஊஞ்சல். தலைக்கு மேல் காற்றாடி. சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் குரங்கு பொம்மை. நடுப்பகலில் அப்பா ஓர் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குள் வந்தார். தலையில் மூட்டை இருப்பவர் கழுத்தைத் திருப்ப முடியாது. என்னைப் பார்க்க அவர் உடம்போடு மொத்தமாகத் திரும்பி நின்றார். நான் ஒரு கையால் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி மறுகையை ஆட்டிக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நின்று பார்த்துவிட்டு உக்கிராண அறைக்குள் போய்விட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்து, ஊஞ்சலைப் பற்றி அளக்கத் தொடங்கினேன். எவ்வளவு அகலம், எவ்வளவு வழவழப்பு, எவ்வளவு உயரம் போகும். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீ ஆடினியா மக்ளே?"

"இல்லப்பா. நான் ஆட்டிவிட்டேன். அவன் ஆடினான்."

"ஒருக்கா கூட ஏறி இருக்கல்லியா?"

"அவன் எறங்கவே இல்லப்பா. நிறுத்தினா அழுவான். நாளைக்கு ஏறிக்கலாம்."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. குரங்கு பொம்மையைப் பற்றி நான் இன்னும் தொடங்கவேயில்லை.

மறுநாள் ஞாயிறு. அப்பா பூசைக்குத் தவறாமல் வருவார், பிரசங்கத்துக்குத் தவறாமல் தூங்குவார். வாரம் முழுவதும் மூட்டை தூக்கும் மனிதனுக்கு ஆண்டவர் கொடுத்த அரை மணி நேரம் அது என்பது அவர் கட்சி. அன்று தூங்கவில்லை. சீடர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று சண்டையிட்டபோது, இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார் என்பது அன்றைய பிரசங்கம். பூசை முடிந்ததும் அம்மா என் துணிகளை மூட்டையாகக் கட்டினாள். அப்பா தடுக்கவில்லை. மூவரும் ஆரியசாலைக்கு நடந்தோம். வழியில் அப்பா திடீரென்று நின்று அம்மாவைப் பார்த்தார்.

"ஏட்டி, சாமியார் சொன்னதக் கேட்டியா? பிள்ளைய நடுவுல கூப்பிட்டு நிறுத்தினாரே, ஒரு செம்பு தண்ணி கொண்டுவான்னு சொன்னாரா?"

"அதுல அப்படி ஒண்ணும் சொல்லல்லியே."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. "மாட்டேன்னு சொல்லிப் பாரும். நாளைக்கு ஒமக்கு மண்டியில மூட்டை குடுப்பாவளா? ஏசுசாமியா வந்து குடுப்பாரு?"

அப்பா மறுபடி நடக்கத் தொடங்கினார். அம்மா கேட்டது நியாயமான கேள்வி. முதலாளி வீட்டுப் பேச்சை மறுத்த சுமட்டுக்காரர்கள் பிறகு எந்த மண்டியில் நின்றார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வா பிள்ள" என்று என் கையைப் பிடித்தார். நான் உள்ளே போக ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போதுதான் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா மன்னிக்கணும். இது நேர்ச்சைப் பிள்ளை."

"என்ன நேர்ச்சை?"

"பன்னெண்டு வயசு முடியுத மட்டும் பள்ளிக்கூடமும் விளையாட்டும் அல்லாம இவள ஒரு வேலைக்கும் விடமாட்டேன்னு அந்தோணியாருக்கு நேந்தது."

முதலாளியம்மா என் கையை விட்டுவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் எத்தனையோ சாலை பஜார்க் கடைக்காரர் வீட்டுப் பெண்களில் அவரும் ஒருவர். "இத மொதல்லயே சொல்லக்கூடாதாவே? நேத்து பூரா பிள்ளைய ஊஞ்சல் ஆட்டவிட்டேனே, சாமி குத்தமாயிராதே?" என்று கேட்டார். அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று அப்பா, ஆயரைப் போல, அவருக்கு ஆறுதல் சொன்னார். முதலாளியம்மா உள்ளே போய் ஒரு கை கற்கண்டு கொண்டுவந்து கொடுத்து, தன் மகனுக்காகவும் வேண்டிக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். அதன் பிறகு மண்டியில் அப்பாவுக்கு மூட்டை ஒருநாளும் குறைந்ததில்லை.

கற்கண்டைத் தின்றுகொண்டே தெருமுனை வரை அழுதேன். என் உத்தியோகம் போய்விட்டது. அம்மா என்னைக் கவனிக்கவேயில்லை. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எப்பம் நேந்தீரு?"

"இனிமேதான்."

வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு அப்பா எங்களைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பொய் ஆறிப்போவதற்குள் அதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார் போலும். அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று, மடியிலிருந்த பீடிக் கட்டை எடுத்துப் படிமேல் வைத்தார். உபதேசியார் ஓடிவந்து திட்டி, அதை எடுத்துக்கொண்டு போனார். வெளியே எறிந்தாரா, தானே வைத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை அந்தோணியாருக்கு மட்டுமே தெரியும் என்பார் அப்பா.

நேர்ச்சைப் பிள்ளை என்ற பதவி எனக்குப் பிடித்துப்போயிற்று. தம்பியைத் தூக்கச் சொன்னால்கூட அந்தோணியாரைக் காட்டி மறுத்தேன். அந்தோணியாருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று அம்மா அகப்பையை எடுத்தபிறகுதான் அந்தப் பதவியின் எல்லை தெரிந்தது.

மற்ற சுமட்டுக்காரர்கள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பீடி புகைக்கும்போது, அப்பா மட்டும் தள்ளி உட்கார்ந்து வறுத்த புளியங்கொட்டையை மென்றுகொண்டிருப்பார். அவருக்குப் புளியங்கொட்டை என்றால் உயிர் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து மரத்தடியில் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார். எனக்குப் பன்னிரண்டு முடிந்ததும், கெடுவைப் பதினைந்து என்று மாற்றினார். அந்தோணியார் மறுப்புச் சொல்லவில்லை. அதற்குள் நான் பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

முதலாளி வீட்டில் ஒருநாள் முழுவதும் விளையாடிவிட்டு வந்ததாகவே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மூட்டைக்குக் கீழிருந்து ஒரே ஒரு பார்வையில் அப்பா கண்டுகொண்டதைக் காண எனக்குக் கல்லூரிப் படிப்பு முடியும் வயது ஆகவேண்டியிருந்தது. அன்று அங்கே விளையாடியது அந்தப் பையன். நான் வேலை செய்துகொண்டிருந்தேன். பணம் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடி, அவளுடைய சிறுவயதை அவளிடமே விட்டுவைத்த மனிதர் அவர். வேதம் படித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த ஒரு வசனத்தை அவரைப் போல அப்படியே எடுத்துக்கொண்டவர்களைத் தெரியாது.

ஆரியசாலை வீடுகளில் இப்போது டெலிவிஷன் இருக்கிறது, குளிர்சாதனப்பெட்டி இருக்கிறது. கதவைத் திறப்பதற்கு மட்டும் இன்னும் எட்டு வயதுப் பிள்ளைதான் வருகிறது.

பங்குக்கூட்டம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த கூட்டம் தவக்காலத்துக்குப் பிறகு. நான் காத்திருக்கவில்லை. போன ஞாயிறு மத்தியானம் வீடு வீடாகப் போய், இரண்டு மணி நேரத்துக்குப் பிள்ளையை அனுப்பும்படி கேட்டேன். இரண்டு வீடுகளில் முடியாது என்றார்கள். மூன்றாவது வீட்டில் அந்த அம்மா யோசித்துவிட்டு, சாயங்காலக் காப்பிக்கு முன்னால் கொண்டுவந்து விட்டால் சரி என்றார். சிறுமி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னோடு படி இறங்கினாள். பாறசாலைப் பக்கத்துப் பிள்ளை. தெருமுனையில் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அங்க எனக்கு என்ன ஜோலி?"

"ஒரு ஜோலியும் இல்ல மக்ளே."

அவள் நம்பவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.