அம்மாவின் காலுக்கு ஏற்றிய கரண்ட்

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில் விளக்கு வைக்கிற நேரமானால் பல்பு மஞ்சளாக அழுதுவடியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ‘லோ வோல்டேஜ்’ என்று சரளமாகச் சொன்ன காலம் அது. அதனால்தான் மயிலாப்பூர்க்காரர் சொன்ன விஷயம் அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

அம்மாவுக்குச் சர்க்கரை. வலது காலில் இரண்டாவது விரலுக்கு அடியில் ஒரு புண், மாதக்கணக்கில் ஆறவில்லை. பாதம் இரண்டும் எப்போதோ மரத்துவிட்டன. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே போவாள். ஆஸ்பத்திரி டாக்டர் கட்டு மாற்றச் சொன்னார், அதிகம் நடக்காதீர்கள் என்றார், ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். அம்மா கடைசியாகச் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்குத் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாண்டி பஜாரில் ஊன்றியவர். புடவை எடுக்க வந்த யாரோ, மயிலாப்பூரில் ஒருவர் கரண்ட் வைத்துப் புண்ணை ஆற்றுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளே சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம். நான் அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிற வயது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

குளத்தங்கரைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டு முன்னறை. அவர் ஓய்வுபெற்ற பிசிக்ஸ் வாத்தியார். மேஜைமேல் மரப்பெட்டி, அதில் திருகுகள், முள் நடுங்கும் ஒரு மீட்டர், இரண்டு வயர். வயர்களின் நுனியில் தகடு, தகட்டுக்கடியில் உப்புத்தண்ணீரில் நனைத்த துணி.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் டார்ச் லைட்டுல போடற பேட்டரிக் கட்டை மாதிரி. புண் இருக்கற எடத்துல வோல்டேஜ் இறங்கிப் போயிடறது. வெளியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா, செல் முழிச்சுக்கும். சுரீர்னு சுட ஆரம்பிச்சா உணர்ச்சி திரும்பறதுன்னு அர்த்தம். ஆனா சுட்டா உடனே சொல்லிடணும், குறைச்சுடுவேன்” என்றார்.

அப்பா தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவர் நல்லவர். அவருக்கு அந்தப் பெட்டியின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது, அவ்வளவுதான்.

காலில் துணியை வைக்கப்போகும்போது, “மெட்டியைக் கழட்டிடுங்கோ. உலோகம் இருக்கப்படாது” என்றார்.

அம்மா காலை இழுத்துக்கொண்டாள். “அது மட்டும் முடியாது.”

“நான் சொல்லுதேன்லா, கழட்டு” என்றார் அப்பா.

“நீங்க சொன்னா ஆச்சா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யார்ட்ட போய்க் கேக்க?”

வாத்தியார் சிரித்துவிட்டார். “எங்காத்துலயும் இதே கதைதான். உயிரே போனாலும் கழட்ட மாட்டா.” பிறகு கொஞ்சம் யோசித்து, மெட்டி தெரியாதபடி தடியாக நூலைச் சுற்றினார். தளர்ந்த மெட்டிக்கு நம் பெண்கள் நூல் சுற்றுவது வழக்கம்தானே. அறையில் இருந்த ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. பிசிக்ஸ் படித்தவருக்கே படவில்லை. நனைந்த நூல் எதைத் தடுக்கும்?

வாரத்தில் இரண்டு மூன்று தடவை போனோம். “சுடறதா?” என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். “இல்லை” என்பாள் அம்மா. அவர் திருகை இன்னும் கொஞ்சம் திருப்புவார். முள் ஏறும். வெளியில் காத்திருக்கும் ரிக்‌ஷாக்காரர், “இன்னாம்மா, காலு இப்போ எப்டி கீது?” என்று விசாரிப்பார். அம்மா, “தேவலாம்” என்பாள். புண்ணின் ஓரம் சிவந்து சுருங்குவது போலத்தான் இருந்தது. நானே ஏமாந்தேன். அம்மா மறுபடி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். சமையலறையில் ஏதோ முனகிப் பாடக்கூடச் செய்தாள்.

ஒரு நாள் காலையில் அவள் பாதத்தைக் கழுவி விடும்போது நாற்றம் அடித்தது. முதல் நாள் சுற்றியதிலிருந்து அவிழ்க்காமலே இருந்த நூலை வெட்டினேன். மெட்டிக்கு அடியில் விரலைச் சுற்றிக் கறுப்பாக வெந்துபோயிருந்தது. புண் இருந்த இடத்தில் இல்லை, புதிய இடத்தில்.

ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் இங்கனதான் இருக்கேன், பாரு” என்று அப்பா அவள் தோளைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுவாரம் விரலையும் எடுத்தார்கள்.

அம்மா வீடு திரும்பியதும் வாத்தியார் சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றார். நான் விடவில்லை. “எந்த முகத்தோட வந்தீங்க? எங்கம்மா என்ன பரிசோதனை எலியா?” என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஒடுங்கிப்போயிருந்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்து, “சுடறதா சுடறதான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா” என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

“சுட்டுது” என்றாள் அம்மா.

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம்.

“கடைசியா வந்த ரெண்டு மூணு தடவையும் சுட்டுது. நல்லாவே சுட்டுது. சொன்னா நிப்பாட்டிருவீங்கன்னுதான் சொல்லல.”

“ஏன்ட்டி?” என்றார் அப்பா.

“அந்தக் காலுக்கு எத்தனை வருசமா ஒண்ணுமே தெரியல. தண்ணி தெரியல, தரை தெரியல. திடீர்னு சுடுது. உசுரு வருதுன்னு நெனச்சேன்.” அவள் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “மொதல் தடவை சுட்ட அன்னைக்கு, தெருமுக்குப் பிள்ளையாருக்கு யாருக்கும் தெரியாமத் தேங்கா ஒடைச்சுட்டு வந்தேன்.”

அதற்குமேல் நான் யாரைத் திட்டுவது? வாத்தியார் சாத்துக்குடியைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அப்பா, “உக்காருங்க சார்” என்றார்.