ஒரு கண்ணையாவது தாரும் என்று கேட்டேன்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். முழுச் சபைக்கும் முன்னால் எழும்பி நின்று கதைக்க எனக்கு இன்னும் நாக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் தங்கச்சி செத்த பிறகு அவளுடைய மகள் றூபியை நான்தான் வளர்த்தேன். பருத்தித்துறையில் கட்டிக் கொடுத்தேன். இரண்டு முறை அவளுக்கு வயிற்றிலேயே பிள்ளை அழிந்தது. இரண்டும் ஆண். "ஆம்பிளைப் பிள்ளை தங்காத வயிறு" என்று அவளுடைய மாமி ஆட்களுக்கு முன்னால் சொல்லுவார். றூபி குனிந்தபடி மீன் வெட்டுவாள்.

போன மாரியில் பெண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாளில் காலிலும் வயிற்றிலும் கொப்புளம் எழும்பியது. கொப்புளிப்பான், அம்மை என்றே எல்லாரும் நினைத்தோம்.

"அம்மாள் வந்திருக்கிறா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடாது" என்றார் மாமி.

இரண்டு குடும்பமும் வேதக்காரர்தான். என்றாலும் வாசலில் வேப்பங்குழை தொங்கியது. அடுப்பில் தாளிதம் இல்லை. சன்னலுக்குச் சீலை கட்டி அறையை இருட்டாக்கினோம். அந்த இருட்டில் பிள்ளையின் கண் வெளிச்சத்துக்குத் திரும்புகிறதா என்று யார் பார்த்தார்கள்?

கொப்புளம் காலில் நீளக் கோடாய் இறங்கியது. வயிற்றில் சுழி சுழியாய் வளைந்தது. "ஆண்டவரே, இந்தக் கோடுகளை அழித்துவிடும்" என்று ஜெபித்தேன். கோடுகள் தடித்தன. ஒரு நாள் விடியப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. றூபி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினாள். நானும் மாமியும் பின்னால் ஓடினோம்.

தோல் டொக்டர் ஒரு பெண். பிள்ளையைப் பார்த்துவிட்டு றூபியின் வாயைத் திறக்கச் சொன்னார். அவளுக்கு இரண்டு பல் கூர், ஒன்று முளைக்கவேயில்லை. பிறகு காலைக் காட்டச் சொன்னார். கெண்டைக்காலில் வெளிறிய கோடுகள். சின்ன வயதில் பனங்கருக்குக் கீறியது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இது அம்மாள் இல்லை. தாயிலை இருந்து வந்தது. உடம்பிலை நல்ல அணுவும் பிழையான அணுவும் கலந்து கிடக்கு. மொசைக் எண்டு சொல்லுவம்."

"நிலத்துக்குப் போடுறதோ, டொக்டர்?" என்று மாமி கேட்டார்.

"ஓம் அம்மா, அது மாதிரித்தான். ஆம்பிளைப் பிள்ளையளுக்கு நல்லது கலக்கிறேல்லை. அதாலை வயித்துக்கையே போயிடுங்கள். கலந்தபடியாலைதான் இவள் உயிரோடை கிடக்கிறாள்."

மாமி சுவரைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார்.

"அப்ப நான் செய்த பிழை இல்லையோ, டொக்டர்?" என்றாள் றூபி.

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் செய்த பிழை இல்லை."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

இந்த வருத்தம் கண்ணையும் பிடிக்கும் என்று கண் டொக்டரும் பார்த்தார். இடது கண்ணின் பார்வை போய்விட்டது. வலதிலும் பழுது தொடங்கியிருக்கிறது, லேசர் வைத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே லேசர் வைக்கிற அறைக் கதவுக்கு வெளியே முழங்காலில் நின்றேன். போகிற வருகிற ஆட்கள் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழும்பவில்லை. "கோடுகள் இருக்கட்டும் ஆண்டவரே. ஒரு கண்ணையாவது தாரும். தாயின் முகத்தைப் பார்க்கட்டும்." வேறு ஜெபம் வரவில்லை.

கர்த்தர் கேட்டார். வலது கண் தப்பியது. இப்போது றூபி அறைக்குள் வந்தால் பிள்ளை தலையை முழுதாய்த் திருப்பி, அந்த ஒரு கண்ணால் அவளைத் தேடிப் பிடிக்கிறாள். "என்ரை குஞ்சு" என்று மாமி தூக்குகிறார். பழைய பேச்சு அவர் வாயில் இல்லை. கோடுகள் கறுத்துக் கிடக்கின்றன. வலிப்பு இடைக்கிடை வருகிறது. இடது கண் திரும்பி வராது. அதை நினைத்து நான் அழாத நாள் இல்லை. என்றாலும் வாய் திறக்காத நான் இப்போது பெண்கள் கூட்டத்தில் சத்தமாய் ஜெபிக்கிறேன்.

பச்சைப் பிள்ளைக்குக் கொப்புளம் கோடாய் எழும்பினால் அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஜெபத்தை பஸ்ஸில் இருந்தபடி செய்யலாம், அவர் கேட்பார். கேட்டதில் பாதிதான் கிடைத்ததா? அதையும் இரண்டு கையாலும் வாங்குங்கள். மிச்சத்துக்கு நான் இன்னும் முழங்காலில்தான் நிற்கிறேன். நீங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள்.