உப்புத் தண்ணி

கடல்நீரில் யுரேனியம் இருக்கிறது என்று சொன்னால் என் வீட்டில் இன்னும் யாரும் நம்புவதில்லை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம், அவ்வளவுதான். அதைப் பிடிக்கும் நூலிழையைத்தான் பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். அது பிடித்ததெல்லாம் வனேடியம். கடல்நீரில் இருக்கும் இன்னொரு உலோகம். யுரேனியம் வருவதற்குள் பஸ்ஸில் துண்டு போடுகிற ஆளைப் போல இடம் பிடித்துவிடும். இந்த முறையும் தோற்றால் இழையை விட்டுவிட்டு வேறு தலைப்பு எடு என்று என் கைடு சொல்லிவிட்டார்.

புது இழையைத் தொட்டியில் வைத்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு வேலூர் கிளம்பினேன். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம், "உப்புத் தண்ணி ஊத்தி, ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்திடுங்கக்கா" என்றேன். சென்னையிலிருந்து வந்த கடல்நீர் கேன்கள் மேசைக்கு அடியில்தான் இருந்தன.

திரும்பி வந்து இழையை அமிலத்தில் கழுவி அளந்தேன். யுரேனியம் குவிந்திருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கமே இல்லாமல் காரிடாரில் ஓடினேன். கைடு தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "வனேடியம் எல்லி?" என்றார். அது எங்கே என்று கன்னடத்தில் கேட்கிறார். கடல்நீர் என்றால் அது இல்லாமல் போகாதே. போய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், கேன்கள் சீல்கூடப் பிரிக்காமல் இருந்தன.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உப்புத் தண்ணின்னா போர் தண்ணிதானே மேடம்? காவேரி வந்தா நல்ல தண்ணி, போர் வந்தா உப்புத் தண்ணி. பின்னாடி குழாய்ல புடிச்சு ஊத்துனேன்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். என் வாயைத்தான் தைக்க வேண்டும். எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். கைடு சிரித்தார். பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரிலும் யுரேனியம் இருக்கும், இழை அதைப் பிடித்திருக்கிறது, கடல் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் இந்தத் தண்ணீரைப் பார் என்றார். இழை பிழைத்தது. எனக்கு மறுபடியும் கால் தரையில் நிற்கவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப போர் தண்ணில அது இருக்குமா மேடம்? எங்க தெருவுல சமையலுக்கே அதுதான்."

"எல்லா போர்லயும் இருக்காதுக்கா. கொண்டாங்க, பாத்துடலாம்" என்றேன்.

மறுநாள் காலை தான் குடியிருக்கும் நீலசந்திராவிலிருந்து ஏழு பாட்டில்களைப் பையில் சுமந்துகொண்டு வந்தார். மூடிகளில் வீட்டு நம்பர் எழுதியிருந்தது. எதை முதலில் பார்க்கட்டும் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுது கடைசில இருக்கட்டும்" என்று ஒரு பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "இந்த வீட்ல கைக்குழந்தை இருக்கு."