பொய் ஜன்னல்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்துச் சமம் பார்ப்பாரே, அந்தக் கருவி. வைத்த புண்ணியவான் யாரோ, அத்தனை பொருத்தம். சாப்பிட உட்கார்ந்தால்கூட மேஜை விளிம்புக்கு நேராகத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கை நனைப்பார்.

வேலை நகராட்சியில். பழைய கடைவீதி வட்டாரத்தில் யார் புதிதாகக் கட்டிடம் கட்டினாலும் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு. எழுதிய குழுவில் இவரும் ஒருவர். தெருவைப் பார்த்த ஜன்னல்கள் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே இடைவெளி. எந்த மாடியிலும் வரிசை விட்டுப்போகக் கூடாது. சரி, ஜன்னல் வர வேண்டிய இடத்தில் குளியலறையோ லிஃப்டோ வந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சுவரை மூடிக் கட்டிவிட்டு வெளியே மட்டும் சட்டமும் கண்ணாடியும் பொருத்திவிட வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு பெயிண்ட் அடித்த செங்கல். ஆபீஸில் அதைப் பொய் ஜன்னல் என்பார்கள்.

"திறக்காத ஜன்னல், காத்து வராத ஜன்னல். யாருக்குங்க அது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெருவுக்கு," என்றார். அந்தப் பெருமையைப் பார்க்க வேண்டுமே!

அப்படிக் கட்டிய கட்டிடம் ஒன்றில்தான் அவர் தங்கை, என் நாத்தனார், மூன்றாவது மாடியில் ஓரத்து வீட்டை வாங்கினாள். பார்த்துச் சொன்னதும் இவர்தான். அவள் சரியான வாயாடி. வந்தால் வீடு இரண்டுபடும். நானும் அவளும் சேர்ந்து இவரை ஓட்டுகிற ஓட்டில் மனிதர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

குடிபோனதும் வெயில் தாங்காமல் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணியில் ஒரு மறைப்புக் கட்டினாள். கேள்விப்பட்டு இவர் போய் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அவுத்துடு."

"உள்ள வேகுதுண்ணா. உன் ரூல் புக்கைக் குடு, விசிறிக்கிறேன்."

"ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புறவன் நான். என் தங்கச்சி வீட்டுலயே இது தொங்கினா எவன் மதிப்பான்?"

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்."

சொன்னேன். எடுபட்டால்தானே! கடைசியில் அவளே அவிழ்த்து, சுருட்டி, அண்ணன் மேல் எறிந்துவிட்டுச் சிரித்தாள்.

போன கோடையில் ஒரு மத்தியானம் அந்தக் கட்டிடத்தின் கீழே மீட்டர் பெட்டியில் தீப்பிடித்தது. வீட்டில் அவள் மட்டும். அண்ணனுக்குத்தான் போன் போட்டாள். ஆபீஸ் அடுத்த தெரு. போனைக் காதில் வைத்தபடியே தலைதெறிக்க ஓடியிருக்கிறார்.

"அண்ணா, படியெல்லாம் புகை. எறங்க முடியல. ஜன்னல்கிட்ட நிக்கிறேன்."

"எந்த ஜன்னல்டா?"

"ரெண்டாவது. ஓரத்துலேர்ந்து ரெண்டாவது."

தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. ஆனால் புகையில் முகப்பில் எந்த ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. "மூணாவது மாடி! ஓரத்துலேர்ந்து ரெண்டாவது!" என்று இவர் தொண்டை கிழியக் கத்தினார். ஏணி அங்கே போனது. வீரர் கோடாலியை ஓங்கிக் கண்ணாடியை உடைத்தார். உள்ளே செங்கல்.

அவள் வீட்டுக்கு உள்ளிருந்து எண்ணினால் இரண்டே ஜன்னல். ஓரத்தில் கூடம், அடுத்து படுக்கையறை. தெருவிலிருந்து எண்ணினால் மூன்று. நடுவில் இருப்பது குளியலறைச் சுவரில் ஒட்டிய பொய் ஜன்னல். இது இவருக்குத் தெரியாதா? அந்த வரைபடத்தைப் பாஸ் செய்ததே இவர்தான். ஆயுசு முழுக்கத் தெருவில் நின்றே கட்டிடங்களைப் பார்த்த மனிதர், அன்றைக்கும் தெருவில் நின்றே எண்ணிவிட்டார்.

ஏணியை இறக்கி, வண்டியை நகர்த்தி, மறுபடி ஏற்றி அடுத்த ஜன்னலை உடைத்தபோது அவள் தரையில் கிடந்தாள். மூச்சு இல்லை. தீ அவளைத் தொடவே இல்லை, புகைதான்.

"அந்தப் பச்சைத் துணி தொங்கியிருந்தா குழந்தைகூட அடையாளம் சொல்லியிருக்குமே, பாவி மனுஷா!" இழவு வீட்டில் எல்லார் முன்னாலும் வயிறெரிந்து கேட்டேன். கேட்டது தப்பு என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

காரியமெல்லாம் முடிந்ததும் அவர் பழையபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

போன வாரம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு கோணலாக இருந்தது. நகர்த்தவில்லை.

"என்னங்க?"

"அந்தக் கட்டிடத்தை ரிப்பேர் பண்றாங்க. பிளான் என் மேஜைக்கு வந்துச்சு. அதே எடத்துல அதே ஜன்னல்."

"கையெழுத்து போட்டீங்களா?"

"மாட்டேன்னுட்டேன். மேலதிகாரி போட்டுட்டார். விதிப்படி சரியாத்தான் இருக்காம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"கோடாலி எறங்கினப்பவும் போன் என் காதுலதான் இருந்துச்சு," என்றார். இதுவரை என்னிடம்கூடச் சொல்லாதது. "அவளுக்குச் சத்தம் கேட்டுடுச்சு. 'அண்ணா, பக்கத்துலயே கண்ணாடி உடையுது. வந்துட்டாங்க. நீ போனை வை, கீழ வந்து பேசுறேன்'னா."