நல்லாத்தான் இருக்குது

எனக்கு நுரையீரலில் தீராத வியாதி. அங்கன்வாடியில் விறகடுப்பில் சமைத்த காலத்தில் குடித்த புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். குணமாகாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்றார். அதைக்கூட ஏற்றுக்கொண்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று என்னைத் தவிர மற்றவர்களிடம் கேட்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மலையூரான வளப்பூர் நாட்டிலிருந்து பஸ் ஏறி, மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாயில் ஊதச் சொன்னார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. முன்ன மாதிரி மூச்சு வாங்கறதில்லீங்க."

"ரிப்போர்ட்டும் போன தடவை மாதிரியேதான் இருக்கு. அதே மருந்து போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு எப்படி வாங்கும்? மூச்சு வாங்குகிற வேலை எதையும் நான் செய்வதில்லையே. மிளகுத் தோட்டத்துக்குப் போவதை விட்டேன். செம்மேட்டுச் சந்தையை விட்டேன். முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன். கையைத் தூக்கினால் மூச்சு முட்டும், அதனால் ஜடை பின்னுவதும் நின்றது. இப்படி மூலையில் உட்கார்ந்துவிட்டவளைப் பார்த்து நன்றாயிருக்கிறாள் என்கிறார், கூடவே இருக்கிற மனுஷன். திருப்பூரிலிருக்கும் மகளோ போன் செய்யும்போதெல்லாம், "எதையும் தொடாதம்மா, படுத்தே இரு" என்கிறாள்.

"டாக்டர், நான் நடக்கறேன். கூட வந்து பாருங்க" என்று எழுந்தேன்.

"உக்காரு புள்ள, வெளிய ஆளுங்க காத்திருக்காங்க" என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வராந்தாவில் நடந்தேன். டாக்டர் தயங்கிவிட்டுப் பின்னாலேயே வந்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. சுவரில் கையை ஊன்றி, வாயைத் திறந்து காற்றை இழுத்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

டாக்டர் என் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "வீட்டிலயும் இப்படித்தானா? ஏம்மா இதுவரைக்கும் சொல்லலை?"

மூச்சு திரும்பியதும் சொன்னேன்: "நீங்க என்னைக் கேக்கவே இல்லீங்களே."

அவர் என்னை அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மருந்தை மாற்றினார். படுத்தே கிடக்கக் கூடாது, மெல்ல நடக்க வேண்டும் என்று சொல்லி, மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நாலு பேர் முன்னாடி என்னையப் பொய்க்காரன் ஆக்கிப்போட்டியே."

"நீங்க பொய் சொல்லலீங்க. பாக்கலை, அவ்வளவுதான்."

இப்போது தோட்டத்து வேலி வரை நின்று நின்று போய் வருகிறேன். மருந்து கொஞ்சம் கேட்கிறது. படுக்கச் சொல்லும் மகளோடுதான் ஓயாத சண்டை. அடுத்த தடவை போனபோது டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக் கேட்டார். குளிப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அவருக்கே புதுச் செய்தி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு! எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.