சாட்சி சொன்ன பிறகு

மலையூரான தானா ராத்தாவில் ஒரு கடை வரிசையின் மாடியில் எங்கள் சபை கூடுகிறது. கீழே சலவைக் கடை. பாட்டு நின்றால் துணி சுற்றும் இயந்திரங்களின் சத்தம் தரை வழியாக ஏறிவரும். பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம். கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல விரும்புகிறவர்கள் அப்போது சொல்லலாம். சின்ன விஷயத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. தங்காத கரு தங்கியிருக்க வேண்டும், கட்டி கரைந்திருக்க வேண்டும், குடிகாரன் திருந்தியிருக்க வேண்டும். அம்மா பல வருடங்களாகப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே எழுந்தார்.

“என் வீட்டுக்காரருக்கு வலிப்பு இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும். இப்ப இல்ல. கர்த்தர் முழுசா சொஸ்தமாக்கிட்டாரு.”

சபை கைதட்டியது. ஆண்கள் பக்கத்தில் அப்பா தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அதுவரை அவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசியவர்கள் அன்று சத்தமாகப் பேசினார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் கைகொடுத்தார். நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. பல மாதங்களாக வலிப்பு வரவில்லை. ஆனால் ஒன்று விடுபட்டிருந்தது. காலையும் இரவும் அவர் விழுங்கிவந்த மாத்திரை.

மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பிறகுதான் அவருக்கு வலிப்பு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த மலாய் டாக்டர் இளம்பெண். அம்மாவின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். வலிப்பு நின்றுவிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வரும். உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். அவருக்குப் புரிந்தது. நானும் அந்த அறையில் இருந்தேன்.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் வேலை பார்த்தேன். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அப்பா வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டுக்கு வருவேன். சாட்சி சொன்ன அன்று மாலை நான் வீட்டில் இருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா வழக்கம்போல் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்தார். அப்பா தண்ணீரை மட்டும் குடித்தார்.

“மாத்திரைங்க.”

“எதுக்கு?”

“என்ன எதுக்கு? போடுங்க.”

“அத்தன பேருக்கு முன்னால சொஸ்தமாயிட்டேன்னு சொன்ன. கையத் தட்டுனாங்க. இப்ப வீட்டுக்கு வந்து மாத்திரை முழுங்கச் சொல்ற. அப்ப அங்க சொன்னது என்னா?”

அம்மா மாத்திரையை அவர் பக்கம் நகர்த்தினார். நான் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். “நீ பேப்பர்ல எழுதுறத எழுதும்மா. இது வேற” என்றார் அப்பா. அதில் கோபம் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். மாத்திரைப் பொட்டலம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

அந்த வாரமே அவர் கங்காணியிடம் பேசி மறுபடி மிஷின் வேலைக்குப் போனார். கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, தேயிலை வரிசையின் இரு பக்கமும் நடக்க வேண்டும். சரிவில் கால் வழுக்கினால் கத்தி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நோய்க்குப் பிறகு அவரைப் புல் வெட்டும் வேலையில்தான் விட்டிருந்தார்கள். மிஷினின் மறுமுனையைப் பிடித்தவர் பக்கத்து வீட்டு மாமா. அப்பாவுக்கு மச்சான் முறை சொல்லிப் பழகியவர். அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுபவர், குழாயடியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா, உன் சாமி மருந்துக் கடைய மூடச் சொல்லிட்டாராம்?”

“அப்படிலாம் இல்ல அண்ணி.”

“இல்லன்னா சரி. மிஷினோட அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரு நிக்கிறாரு லா. எங்க முனியாண்டிக்குக் கெடா வெட்டுனாலும் நாங்க ஊசி போடத்தான் போறோம்.”

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு அவமானமாக இருந்தது. எங்கள் லய வரிசை வீடுகளில் கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒரு வீடுதான். அம்மா செய்வது எதுவும் அவர் கடவுளின் கணக்கில் எழுதப்படும்.

பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு வீட்டு ஜெபத்துக்கு அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். முதல் தடவை சொன்னது நான்கு வாக்கியம். இங்கே கதை நீண்டிருந்தது. டாக்டர் ஆச்சரியப்பட்டதாக அம்மா சொன்னார். டாக்டர் ஆச்சரியப்படவில்லை, அந்த மாதம் அப்பா டாக்டரிடம் போகவே இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தார்கள், அம்மா கொடுத்தார். செய்தி எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறவர் பொய்யராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அலமாரியின் மேல்தட்டில் பொட்டலம் இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. அம்மா விடிவதற்கு முன் அடுப்பங்கரையில் மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, அப்பாவின் கோப்பியில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கலக்குவதை நிறுத்தவில்லை.

“சீனி கூடப் போட்டா தெரியாது” என்றார்.

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. அவருடைய முகத்தில் தூக்கமில்லை. ஊர் முன்னால் கடவுளை நம்பினார், அடுப்பங்கரையில் டாக்டரை நம்பினார். இரண்டில் எதையும் விட அவரால் முடியவில்லை.

அப்பா அதைக் கண்டுபிடித்தது கடைசி மிடறில். கோப்பை அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மீதியை வாசல் சாக்கடையில் ஊற்றினார். சத்தம் போடவில்லை.

“நீ சொன்னத நீயே நம்பலயா?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.   அன்றிலிருந்து கோப்பியில் சீனி மட்டும்தான்.

அப்பா விழுந்தது பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில், நான் ஊருக்கு வந்திருந்தபோது. மாமா சொன்னபடி, வரிசையின் பாதியில் அப்பாவின் கை மிஷினை முறுக்கியது. தலை ஒரு பக்கம் திரும்பியது. மாமா எஞ்சினை அணைத்தார். மிஷினைத் தன் பக்கம் இழுத்ததில் அவர் முன்கை கிழிந்தது. அப்பா சரிவில் உருண்டு கீழே கல் வடிகாலில் போய் நின்றார். உடம்பு துடித்துக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை.

எஸ்டேட் வேனில் ஏற்றினோம். பெரிய சாலைக்கு வந்ததும் வேன் நின்றுவிட்டது. ஸ்ட்ராபெரி தோட்டம் பார்க்க வந்த கார்கள் வளைவுக்கு வளைவு வரிசையாக நின்றன. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முன்னால் நின்ற காரில் பிள்ளைகள் கண்ணாடி வழியாக எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அப்பாவின் தலையை மடியில் ஒருக்களித்துப் பிடித்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமா கிழிந்த கையில் சட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு காராகத் தட்டி ஒதுங்கச் சொன்னார். அம்மா அப்போது ஜெபித்தாரா என்று பிறகு ஒருவர் கேட்டார். இல்லை. “கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்க” என்று மட்டும்தான் சொன்னார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பல நாள் கழித்து அவர் கண் திறந்தார். உயிர் இருந்தது. வலது கையில் பிடி இல்லை. பேச்சில் ஓட்டைகள். கரண்டியைக் காட்டினால் கரண்டி என்று வராது. நேற்றும் இன்றும் அவருக்குள் கலந்துவிட்டன. இதற்கு மேல் தேறுவது கடினம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சபையிலிருந்து சிலர் வந்தார்கள். யாருக்கோ விசுவாசம் குறைந்துபோயிருக்கலாம் என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னார். அம்மா அவருக்கும் தேநீர் ஊற்றினார். பாஸ்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, உயிர் தப்பியதற்கு ஒரு நாள் சாட்சி சொல்லலாமே என்றார்.

“வேணாம் பாஸ்டர். ஸ்தோத்திரத்த வீட்லயே சொல்லிக்கிறேன்.”

சில வாரங்கள் கழித்து ரிங்லெட்டிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார். மகனுக்கும் அதே வியாதி. அம்மாவின் சாட்சியைக் கேட்டது முதல் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபிக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். நடந்தது அவருக்குத் தெரியாது. அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதீங்கம்மா. அவரு நல்லா இருந்தது மாத்திரை போட்டதால. நான் அத சொல்லாம விட்டுட்டேன். டாக்டர் ஆச்சரியப்பட்டாருன்னு சொன்னேன்ல, அதுவும் இல்ல. ஜெபம் பண்ணுங்க. மாத்திரையும் குடுங்க. இன்னிக்குக் குடுத்திட்டீங்களா?”

 மறுமுனையில் அந்தப் பெண் ஏதோ கடுமையாகப் பேசினார். அம்மா குறுக்கிடாமல் கேட்டார். “குடுத்திட்டீங்களா?” என்று மறுபடி கேட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நான் இப்போது இங்கேயே இருந்து நாளிதழுக்கு எழுதுகிறேன். மாலையில் வீட்டு ஜெபம். அம்மா கண்ணை மூடி நன்றி சொல்வார். அவர் சொல்லும் காரியங்களுக்குச் சபையில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். மீன் முள் சிக்காமல் சாப்பிட்டாரே, ஸ்தோத்திரம். குளிக்கும்போது வழுக்கவில்லையே, ஸ்தோத்திரம். பக்கத்து வீட்டு அண்ணன் இன்றும் வந்து அவரிடம் பேசினாரே, அந்தக் கைக் காயம் ஆறிவிட்டதே, ஸ்தோத்திரம். மகள் பக்கத்தில் இருக்கிறாளே. குரலை உயர்த்துவதில்லை. சொல்லி முடித்ததும் மாத்திரையை அப்பாவின் நாக்கில் வைத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்.

வேலையாட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு நேரத்தில் அப்பா பூட்ஸைத் தேடுவார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுவார். முதலில் அம்மா தடுத்துப் பார்த்தார், அவர் அழுதார். இப்போது பூட்ஸை மாட்டிவிட்டு, முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார். இன்று காலை மூடுபனியில் லயத்தின் கடைசி வீடு வரை போனார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா நின்றார்.

“மச்சான், இன்னிக்கு லீவு லா. கங்காணி சொல்லிட்டாரு.”

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“ஆமாங்க. லீவு. வாங்க, கோப்பி ஆறிடும்.”

அப்பா வீட்டுப் பக்கம் திரும்பினார்.