அரை அங்குலம் பாக்கி

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட சமயம். கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். லிஃப்ட் பராமரிப்பு என் வேலை. பட்டியல் போடாமல் எனக்கு எதிலும் கை ஓடாது.

எங்கள் தெரு ஆடுகளுக்குக் கயிறு கிடையாது. கிடங்கு வாசல்களில் கிடைத்ததைத் தின்றுவிட்டு, சாயங்காலம் தாமாக வீடு திரும்பும். சில மாதங்களுக்கு முன் நான் வாங்கிய ஆடு அப்படிப்பட்டதல்ல. மலைப்பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த குட்டை இனம். உடம்பு முழுக்கச் சுருட்டை ரோமம். பாலும் கறக்கலாம், ரோமத்தைக் கத்தரித்து நூலும் நூற்கலாம் என்றார் விற்றவர். கத்தரிக்க ரோமம் ஆறு அங்குலம் வளர வேண்டுமாம். கொட்டிலில் ஓர் அட்டை மாட்டினேன்: தீவனம், தண்ணீர், பால் அளவு, ரோம நீளம், குணம்.

அடுத்த வீட்டு இத்தாவுக்கு அந்த அட்டையைக் கண்டாலே ஆகாது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்; அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள். நாலு ஆடுகளைத் தெருவில் விட்டே வளர்ப்பவர். என் ஆட்டுக்குப் பழங்கஞ்சி கொண்டுவந்து வைப்பார். 'வெளித் தீனி கொடுக்காதீர்கள்' என்று மலையாளத்தில் எழுதி ஒட்டினேன். இத்தா அதை ஆட்டுக்கே உரக்க வாசித்துக் காட்டினார். "கேட்டியா? நீ ஆஸ்பத்திரியில கிடக்கியாம்." மறுநாள் ஆடு அந்தத் தாளையும் தின்றிருந்தது.

மழை விடவே இல்லை. பால் பாதியாகக் குறைந்தது. தீவனத்தை மாற்றிப் பார்த்தேன். கறக்க உட்கார்ந்தால் உதைத்தது. 'குணம்: முரடு' என்று குறித்தேன்.

"எடீ, இது ஆடா, சாக்குமூட்டையா? முடிய வெட்டிக் களை மோளே, அதுக்குப் புழுங்குது" என்று இத்தா மதிலுக்கு மேலே தலையை நீட்டி தினமும் சொல்வார்.

"இன்னும் அரை அங்குலம் இருக்கு, இத்தா."

"நீ கம்பளியப் போட்டு இந்த மழையில நில்லு, பாப்போம்."

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், எங்கள் கொட்டிலில் இத்தா உட்கார்ந்திருந்தார், கையில் தையல் கத்தரியோடு. அம்மா ஆட்டின் கழுத்தைப் பிடித்திருந்தாள். ஆட்டின் ஒரு பக்கம் மொட்டை. நான் மாதக்கணக்கில் அளந்த ரோமம் ஈரத் தரையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. யாரைக் கேட்டுத் தொட்டீர்கள், போலீசுக்குப் போவேன் என்றெல்லாம் கத்தினேன். இத்தா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஆட்டின் விலாவைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதில் புழு நெளிந்தது. ஈர ஆட்டின் வாடை என்று நான் நினைத்திருந்தது இந்தப் புண்ணின் நாற்றம்.

"ஸ்கேல் வெச்சு அளந்தியே, ஒரு நாள் விலக்கிப் பாத்தியா?" என்றார்.

கறக்கும்போது தினமும் நான் முழங்கையை ஊன்றியது அதே இடத்தில்தான்.

கால்நடை மருத்துவர் வந்து புழுக்களை எடுத்து, ஊசி போட்டார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பிழைத்திருக்காது என்றார். மூன்று வாரம் மருந்து போட்டோம். இத்தா ஆட்டின் தலையைப் பிடித்துக்கொள்வார், என்னைத் திட்டுவார். இரண்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆடு தேறியது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதெல்லாம் வேண்டா, சாயா குடி" என்று வாயை அடைத்துவிட்டார்.

என்னைக் கேட்காமல் என் ஆட்டின் மேல் கத்தரி வைத்தாரே என்ற கோபம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது; ஆனால், கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்பது அதைவிட அதிகமாக உறுத்துகிறது.